சோதனைப் பதிப்பும் வெளியீட்டுப் பதிப்பும்: நிபந்தனைத் தொகுப்பு – முக்கியக் குறிப்புகள்

அடிப்படை

• ஒரே மூல நிரலில் சில வரிகளைத் தேவைக்கேற்பச் சேர்த்தோ விலக்கியோ கம்பைல் செய்வது நிபந்தனைத் தொகுப்பு. கண்டிஷனல் கம்பைலேஷன் என்றும் வழங்கும். பிழை தேட உதவும் சோதனைப் பதிப்பையும் (டீபக்) பயனருக்கான வெளியீட்டுப் பதிப்பையும் (ரிலீஸ்) ஒரே நிரலிலிருந்து பெற இது உதவும்.
• சி, சி++ மொழிகளில் இது முன்செயலியின் (ப்ரீபிராசசர்) வேலை. கம்பைலர் இலக்கணம் பார்க்கும் முன்பே வரிகள் விலக்கப்பட்டுவிடும். இயங்குகோப்பில் அவற்றின் சுவடே இராது.
• சாதாரண இஃப் நிரல் ஓடும்போது முடிவெடுக்கும்; #இஃப் தொகுக்கும்போதே முடிவெடுக்கும்.

வரலாறு

• சி மொழிக்கு முன்செயலி வந்தது 1972–73 காலகட்டத்தில். தொடக்கத்தில் கோப்பைச் சேர்ப்பதும் எளிய மேக்ரோவும் மட்டுமே இருந்தன.
• நிபந்தனைத் தொகுப்பு, மைக் லெஸ்க், ஜான் ரைசர் ஆகியோர் செய்த விரிவாக்கத்தில் வந்தது.
• 1989: அமெரிக்கத் தர நிர்ணயம் (ஆன்சி சி).
• சி23 தரத்தில் #எலிஃப்டெஃப், #எலிஃப்என்டெஃப் சேர்ந்தன.

கட்டளைகள்

• #இஃப்டெஃப்: பெயர் வரையறுக்கப்பட்டிருந்தால் உண்மை. #இஃப்என்டெஃப்: இல்லையென்றால் உண்மை. இரண்டும் மதிப்பைப் பார்ப்பதில்லை.
• டீபக் என்ற பெயருக்கு 0 என்று மதிப்புக் கொடுத்தால், #இஃப்டெஃப் டீபக் உண்மை. #இஃப் டீபக் பொய். தேர்வில் மயக்கும் இடம் இது.
• வரையறுக்கப்படாத பெயர் #இஃப் கோவையில் 0 ஆகக் கொள்ளப்படும். எழுத்துப்பிழை இருந்தாலும் பிழைச்செய்தி வராமல் அந்தப் பகுதி விலகிவிடும்.
• #இஃப் கோவையில் முழு எண் மாறிலிகள் மட்டுமே செல்லும், சைஸ்ஆஃப் செல்லாது.
• ஜிசிசி கம்பைலரில் -டி பெயரை வரையறுக்கும் (மதிப்புத் தராவிட்டால் 1), -யு நீக்கும், -இ முன்செயலியின் விளைவைக் காட்டும்.

அசர்ட், என்டீபக்

• அசர்ட் மேக்ரோவின் நிபந்தனை பொய்யானால் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் காட்டி நிரல் நின்றுவிடும்.
• என்டீபக் வரையறுக்கப்பட்டால் அசர்ட் எதுவும் செய்யாத வெற்றுக் கோவையாகும். அதன் அடைப்புக்குள் இருப்பது கணக்கிடப்படுவதே இல்லை.
• எனவே அசர்ட்(++எண் < 10) தவறு. சோதனைப் பதிப்பில் எண் கூடும். வெளியீட்டுப் பதிப்பில் கூடாது.
• சிமேக் கருவியின் ரிலீஸ் வகை, ஜிசிசி போன்ற கம்பைலர்களுக்கு என்டீபக்கை இயல்பாகவே தரும். விஷுவல் சி++ கம்பைலரில் /எம்டிடி, /எம்டீடி போன்ற டீபக் நூலகத் தேர்வுகள் _டீபக் என்ற பெயரை வரையறுக்கும்.

பிற மொழிகள்

• சி ஷார்ப்: #இஃப் டீபக் உண்டு, பெயருக்கு மதிப்புக் கிடையாது. கண்டிஷனல் பண்புக்கூறு இட்ட மெத்தட் எதையும் திருப்பித் தரக்கூடாது. பெயர் இல்லாவிட்டால் அழைப்போடு அதன் வாதங்களும் விலகும்.
• ரஸ்ட்: சிஎஃப்ஜி(டெஸ்ட்) இட்ட பகுதி சோதனைக்கு மட்டும் தொகுக்கப்படும். அசர்ட்! எப்போதும் இயங்கும், டீபக்_அசர்ட்! வெளியீட்டுப் பதிப்பில் இயல்பாக விலகும்.
• கோ: _டெஸ்ட் என முடியும் கோப்புகள் கோ பில்டில் சேரா. //கோ:பில்ட் வடிவம் 1.17 பதிப்பில் (2021) வந்தது.
• ஜாவா: முன்செயலி கிடையாது. அசர்ட் 1.4 பதிப்பில் (2002) வந்தது. ஓட்டும்போது -ஈஏ கொடுத்தால்தான் செயல்படும்.

ஆழமாகப் பதிய வேண்டியவை

• தனித்தனியே இயக்கி அணைக்கும் 10 பெயர்கள் இருந்தால் 1,024 வகை நிரல்கள் சாத்தியம். ஒன்றைச் சோதித்தால் மற்றவற்றைச் சோதித்ததாகாது.
• ஹென்றி ஸ்பென்சர், ஜெஃப் காலியர் இருவரும் 1992 இல் #இஃப்டெஃப் மிகுதியாவதன் தீங்கை எச்சரித்துக் கட்டுரை எழுதினர்.
• லினக்ஸ் கர்னல் நெறி: .சி கோப்புகளுக்குள் #இஃப்டெஃப் போன்றவற்றைத் தவிர்த்து, தலைப்புக் கோப்பில் வெற்றுச் செயற்கூறு வைக்க வேண்டும்.
• வெளியீட்டுப் பதிப்பில் பதிவும் (லாக்) சரிபார்ப்பும் விலகலாம்; ஆனால் நிரலின் விடை மாறக்கூடாது. பயனர் கையில் சேர்வது வெளியீட்டுப் பதிப்பு. ஆகவே சோதனைகளை அதன் மீதும் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.