நகரும் நிலம்

நுழையும் முன்
நாம் நிற்கும் நிலம் அசையாதது என்றே எண்ணுகிறோம். ஆனால் அஃது ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த உண்மையைக் கற்பது உயிரையும் காக்கும் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

புவியின் ஓடு
வேகவைத்த முட்டையை மெல்லத் தட்டினால் அதன் ஓடு பல சில்லுகளாகப் பிளவுபடும். எனினும் சில்லுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். புவியின் மேற்புறமும் அத்தகையதே. அதிலுள்ள மாபெரும் பாறைத் துண்டுகளைப் புவித்தட்டுகள் என்பர். பெருந்தட்டுகள் ஏழும் சிறுதட்டுகள் பலவும் உள்ளன. அவை ஆண்டுக்குச் சில செ.மீ. நகர்கின்றன. நம் விரல் நகம் வளரும் வேகமும் ஏறத்தாழ அதுவே.

ஏற்கப்படாத கருத்து
1912 ஆம் ஆண்டில் ஆல்பிரட் வெக்னர் என்னும் செருமானிய அறிஞர், கண்டங்கள் நகர்கின்றன என்றார். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் தென்னமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஒன்றோடொன்று பொருந்துவதையும், ஒரே வகைப் புதைபடிவங்கள் இரு கண்டங்களிலும் கிடைப்பதையும் சான்றாகக் காட்டினார். ஆனால் கண்டங்களை நகர்த்தும் விசை எது என்பதை அவரால் சரிவர விளக்க இயலவில்லை. ஆகவே அறிஞர் பலர் அதனை மறுத்தனர். 1930 இல் கிரீன்லாந்துப் பனிவெளியில் அவர் உயிர்நீத்தார். 1960களில் கடலடித் தரை நன்கு ஆராயப்பட்ட பின்னரே, கண்டங்கள் நகர்வதை அறிவுலகம் ஏற்றது.

இந்தியாவின் பயணம்
இந்திய நிலப்பகுதி ஒரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்டிகா ஆகியவற்றோடு இணைந்திருந்தது. அப்பெருநிலத்திற்குக் கோண்டுவானா என்று பெயர். நடு இந்தியாவிலுள்ள ஒரு பகுதியின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. பின்னர்ப் பிரிந்து வடக்கே நகர்ந்த இந்தியத் தட்டு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. இடையிலிருந்த கடலடிப் படிவுகள் மடிந்து எழுந்து இமயமாயின. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கற்கள் பழங்காலக் கடலுயிரிகளின் புதைபடிவங்களே.

பாடம் காத்த உயிர்கள்
2004 டிசம்பர் 26 காலை, சுமத்ரா அருகே ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் திடீரென நழுவியது. கடலடித் தரை எழும்பி, ஆழிப்பேரலை உண்டாயிற்று. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குப் பின் அது தமிழகக் கரையைத் தாக்கியது. அந்த இடைவெளியில் கரையோர மக்களை எச்சரிப்பார் எவருமில்லை. நாகப்பட்டினம் பேரிழப்புக்கு உள்ளாயிற்று. பல நாடுகளில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அதே காலையில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில், டில்லி சுமித் என்னும் பத்து வயது ஆங்கிலேயச் சிறுமி பெற்றோருடன் இருந்தாள். கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் ஆசிரியர் கற்பித்த பாடம் அவள் நினைவுக்கு வந்தது. "ஆழிப்பேரலை வருகிறது!" என்று பெற்றோரிடம் வற்புறுத்திக் கூறினாள். தந்தை காவலரிடம் தெரிவித்தார். கரையில் இருந்தோர் அனைவரும் வெளியேறினர். அக்கரையில் ஓர் உயிரும் போகவில்லை.

இன்று ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. எனினும் கடற்கரையில் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுநிலத்திற்கு விரைதல் வேண்டும்.

சொற்பொருள்
ஆழி – கடல்
புதைபடிவம் – பாறையில் பதிந்த பண்டை உயிரின் எச்சம்
விசை – ஒன்றை நகர்த்தும் ஆற்றல்
மாண்டனர் – இறந்தனர்

பயிற்சி
1. பிரித்து எழுதுக: கடலடி, உயிர்நீத்தார், பேரலை.
2. எதிர்ச்சொல் தருக: மறுத்தனர், பிரிந்து, மேடு.
3. வெக்னரின் கருத்தை அறிஞர் ஏற்காமைக்குக் காரணம் யாது?
4. கடலுயிரிகளின் புதைபடிவங்கள் இமயப் பகுதியில் கிடைப்பது ஏன்?
5. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பற்றி வீட்டுப் பெரியோரிடமோ ஊரிலுள்ள உறவினரிடமோ கேட்டறிந்து ஐந்து தொடர்களில் எழுதுக.