கோபுரத்தில் பெயர் பொறித்த பெண்

பழைய மாளிகை ஒன்றைப் பற்றிக் கற்கும்போது, "இதைக் கட்டியது யார்? யாருடைய பணம்?" என்று முதலில் கேட்பது என் வழக்கம். இங்கிலாந்தின் டேர்பிஷயரில் உள்ள ஹார்ட்விக் மாளிகையைப் பற்றி வாசித்தபோது அதற்குக் கிடைத்த விடை என்னை வியக்க வைத்தது. அதைக் கட்டுவித்தவர் ஒரு பெண்.

அவர் பெயர் எலிசபெத்; ஊரார் அழைத்தது பெஸ். பெரும் செல்வமில்லாத குடும்பத்தில் பிறந்து, நான்கு முறை விதவையானவர். அக்கால ஆங்கிலச் சட்டப்படி மணமான பெண்ணின் சொத்து கணவரின் கைக்கே போகும். விதவைக்கோ தன் சொத்தைத் தானே ஆளும் உரிமை இருந்தது. நான்காவது கணவர் 1590 இல் இறந்தார். அதே ஆண்டில் கட்டிட வேலை தொடங்கியது. 1597 இல் பெஸ் அங்கு குடியேறினார். ரொபர்ட் ஸ்மித்சன் என்பவரே இதன் வரைபடத்தை அமைத்தார் என்று கருதப்படுகிறது.

இனி அமைப்பைப் பார்ப்போம். மாளிகைக்கு ஆறு கோபுரங்கள். மேல் மாடிக்குச் செல்லச் செல்ல யன்னல்களின் உயரம் கூடுகிறது. கீழ்த்தளம் பணியாளருக்கு, நடுத்தளம் குடும்பத்தினருக்கு, மேல்தளம் அரச விருந்தினருக்கு. ஆகவே யன்னலின் அளவைப் பார்த்தே உள்ளே இருப்போரின் தகுதியை அறியலாம். அன்று கண்ணாடி மிக விலை உயர்ந்த பொருள். சுவரை விடக் கண்ணாடியே அதிகம் என்று சொல்லும்படி கட்டியது, செல்வத்தை ஊரறியச் செய்வதற்கே. புகைபோக்கிகள் செல்லும் சில இடங்களில் வெளியே யன்னல் போலத் தோன்றுபவை வெறும் போலி யன்னல்கள். வெளித்தோற்றத்தின் சமச்சீர் கெடாதிருக்க இந்த ஏற்பாடு.

கோபுர உச்சிகளில் கல்லில் குடைந்த எழுத்துகள் நிற்கின்றன. அவை எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற அவரது பெயரின் முதலெழுத்துகள்.

ஆனால் தோழியரே, கதை இத்துடன் முடியவில்லை. பெஸ்ஸின் பேத்தி ஆபெல்லா ஸ்டுவர்ட் ஆங்கில அரியணைக்கு உரிமை கோரக்கூடிய வம்சத்தவள். ஆகவே இவ்வீட்டில் பாட்டியின் கடும் காவலில் வைக்கப்பட்டாள். தன் விருப்பப்படி திருமணம் பேச முயன்று, 1603 இல்தான் அங்கிருந்து வெளியேறினாள். தனக்கென உரிமையை வென்றெடுத்த ஒரு பெண், இன்னொரு பெண்ணுக்கு அதை மறுத்தார். அத்தனை யன்னல்கள் இருந்தும் அவளுக்கு அது சிறைதான்.

மணமான ஆங்கிலப் பெண்கள் தம் சொத்தைத் தாமே வைத்திருக்கும் முழு உரிமையை 1882 ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. மாளிகை 1959 முதல் தேசிய நம்பிக்கை நிதியத்தின் பராமரிப்பில் உள்ளது. அங்கு செல்வோர் கோபுர எழுத்துகளை அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆபெல்லாவின் பெயரையும் அவர்கள் கேட்டறிய வேண்டும் என்பதே என் விருப்பம்.