நிறையிலிருந்து எண்ணிக்கை: மோல் கணக்கு

களர் நிலத்தைத் திருத்த முற்படும் விவசாயிக்கு ஜிப்சம் இடுமாறு யோசனை கூறப்படுகிறது. ஜிப்சம் கிடைக்கவில்லை, கந்தகம் கிடைக்கிறது. மண்ணில் சுண்ணாம்பு உள்ள களர் நிலத்துக்குக் கந்தகமும் ஏற்றதே. ஆனால் ஒரு கிலோ ஜிப்சத்துக்கு ஒரு கிலோ கந்தகம் என்று இட்டுவிடலாகுமா? இட்டால் பணம் வீணாகும். சுண்ணாம்பு போதாத மண்ணாயின் புளிப்பேறிக் கெடவும் கூடும். பொருள்கள் ஒன்றோடொன்று கூடுவது எடைக்கு எடையாக அன்று, அணுவுக்கு அணுவாகவே. தராசு காட்டுவதோ எடையை மட்டும். ஆகவே எடையிலிருந்து அணுக்களின் எண்ணிக்கையை அறியும் வழியை இவ்விதழில் கற்போம்.

நெசவாள அன்பர்களுக்கு இக்கணக்கு புதிதன்று. ஆங்கில நம்பர் முறையில் ஒரு சிட்டம் நூலின் நீளம் 840 கெஜம். 40-ம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 சிட்டம்; 20-ம் நம்பரில் 20 சிட்டம். சிட்டத்தின் நீளம் மாறுவதில்லை, எடையே மாறுகிறது. 40-ம் நம்பர் நூல் 5 பவுண்டு இருப்பின், அளந்து பாராமலே 200 சிட்டம் என்றும், 1,68,000 கெஜம் என்றும் கூறிவிடுகிறோம். எடையைச் சிட்டமாக்கி, சிட்டத்தைக் கெஜமாக்கினோம் அல்லவா?

அணுக்கணக்கில் சிட்டத்தின் இடத்தில் நிற்பது மோல். தனிமம் எதுவாயினும் ஒரு மோலில் உள்ள அணுக்கள் 6.022 × 10²³. அதாவது 6022 என எழுதி, அதன் வலப்பக்கம் 20 சுழிகள் இட வேண்டும். 1811-ல் வாயுக்களைப் பற்றி ஆராய்ந்த இத்தாலிய அறிஞர் அவகாட்ரோவின் பெயரால் இது அவகாட்ரோ எண் எனப்படுகிறது. 2019 முதல் இதன் மதிப்பு சர்வதேச அளவைமுறையில் திட்டமாக நிர்ணயிக்கப்பட்டுள்ளது.

ஒரு மோலின் எடை தனிமத்துக்குத் தனிமம் வேறுபடும். அணு எடையைக் கிராமில் கொண்டால் அதுவே ஒரு மோலின் எடை. கந்தகத்துக்கு 32 கிராம். இரும்புக்கு 56 கிராம். கால்சியத்துக்கு 40 கிராம். கணக்கிடும் முறை வருமாறு:

1. பொருளின் எடையைக் கிராமாக்குக.
2. அதை அணு எடையால் வகுக்க, கிடைப்பது மோல்.
3. மோலை 6.022 × 10²³ ஆல் பெருக்குக. கிடைப்பது அணுக்களின் எண்ணிக்கை.

உதாரணமாக, 16 கிலோ கந்தகத்தை எடுத்துக்கொள்வோம். அது 16,000 கிராம். 32 ஆல் வகுத்தால் 500 மோல். அணுக்கள் 500 × 6.022 × 10²³ = 3.011 × 10²⁶. அதே 16 கிலோ இரும்பில் ஏறத்தாழ 286 மோலே உண்டு. எடை ஒன்றாயினும் எண்ணிக்கை ஒன்றன்று.

இனி விவசாயியின் கேள்விக்கு வருவோம். ஜிப்சத்தில் கால்சியம் 40, கந்தகம் 32, பிராணவாயு 64, நீர் 36; ஆக ஒரு மோல் 172 கிராம். அதில் உள்ள கந்தகம் ஒரே மோல். மண்ணில் இட்ட கந்தகத்தை நுண்ணுயிர்கள் கந்தக அமிலமாக்குகின்றன. அவ்வமிலம் சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்க, அது சோடியத்தை வெளியேற்றுகிறது. ஆகவே மோலுக்கு மோல் ஈடு. 500 மோல் ஜிப்சம் 86 கிலோ. 500 மோல் கந்தகம் 16 கிலோ. எடைக்கு எடை இட்டவர் ஐந்து மடங்குக்கு மேல் செலவிட்டவராவார்.

இவை கலப்பற்ற பொருளுக்கான அளவுகள். நூற்றுக்கு 80 பங்கு தூய்மையுள்ள ஜிப்சமாயின் 107.5 கிலோ வேண்டும். கந்தகம் பயன்தர நாளாகும் என்பதையும், மண் பரிசோதனை செய்தபின்னரே எதையும் இட வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

சாயச் சாலையிலும் இதே நியதிதான். 40 கிராம் காஸ்டிக் சோடாவைச் சமன் செய்ய 49 கிராம் கந்தக அமிலம் தேவை. சம எடை இட்டால் காரம் மிஞ்சும். கைக்கு வந்தபடி கூட்டி ஊற்றினால் அமிலம் துணியில் தங்கி, உலரும்போது பருத்தி இழையை நைந்துபோகச் செய்யும்.

பிழை நேரும் இடங்கள் இரண்டு. கிலோவைக் கிராமாக்காமலே வகுப்பது ஒன்று. வாயுக்களில் அணுவையும் மூலக்கூறையும் ஒன்றெனக் கொள்வது மற்றொன்று: 28 கிராம் நைட்ரஜன் வாயுவில் மூலக்கூறுகள் ஒரு மோல், அணுக்களோ இரண்டு மோல்.

பயிற்சி: நூற்றுக்கு 21 பங்கு துத்தநாகம் உள்ள துத்தநாக சல்பேட் 25 கிலோ வயலுக்கு இடப்படுகிறது. துத்தநாகத்தின் அணு எடை 65.4. மண்ணுக்குச் சென்ற துத்தநாகம் எத்தனை மோல்? அணுக்கள் எத்தனை?

விடை: துத்தநாகம் 5,250 கிராம், ஏறத்தாழ 80.3 மோல்; அணுக்கள் ஏறத்தாழ 4.8 × 10²⁵. விடையைப் பாராமல் முதலில் தாமே போட்டுப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.