படித்ததும் படிக்கச் சொன்னதும்

நம் துறையின் மலருக்கு நூல் வாசிப்பைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுமாறு துறைத்தலைவர் பணித்தபோது நம் நினைவுக்கு முதலில் வந்தது ஒரு பட்டியலாகும். 'தமிழ் மாணவர் படிக்க வேண்டிய ஐம்பது நூல்கள்' என்னும் தலைப்பில், சங்க இலக்கியம் தொட்டுப் புதுக்கவிதை ஈறாக நிரல்படுத்தி, முதலாண்டு வகுப்பில் ஆண்டுதோறும் நாம் வழங்கி வந்த பட்டியல் அது. சில ஆண்டுகளுக்கு முன்னர், பகலில் கல்லூரியிலும் மாலையில் பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையிலும் நின்று வந்த மாணவர் ஒருவர் அப்பட்டியலைக் கையில் ஏந்தியவாறு நம்மிடம் வந்தார். "ஐயா, இதுல நீங்க முழுசாப் படிச்சது எத்தனைங்க?" என்று வினவினார். அவர் குரலில் ஏளனம் சிறிதும் இல்லை. அரை ஷிப்ட் முடித்து வீடு திரும்ப இரவு ஒன்பதாகும் ஒருவருக்கு ஐம்பது நூல்களுக்கு நேரம் ஏது? எதிலிருந்து தொடங்குவது என்று அறியவே அவர் கேட்டார். நாம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, அன்றிரவு பட்டியலை எடுத்து வைத்து எண்ணிப் பார்த்தோம். பத்தொன்பது! எஞ்சியவற்றை இலக்கிய வரலாற்று நூல்களின் வாயிலாகவும் தேர்வுக் குறிப்புகளின் வாயிலாகவும் மட்டுமே அறிந்திருந்தோம். அதன்பின் அப்பட்டியலை நாம் எவருக்கும் வழங்கவில்லை. அதற்கு ஈடாகவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஈண்டுப் பரிந்துரைக்கும் நூல்கள் யாவும் நாம் முழுமையாகப் படித்தவை.

'நீர் படித்தது என்ன?' என்னும் வினா தமிழுக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் கும்பகோணத்தில் அது ஒருமுறை எழுந்தது. அக்காலத்தில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்தவர் உ.வே. சாமிநாதையர். வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்டவர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை என அடுக்கினார். கேட்டவர் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. சிந்தாமணியும் சிலப்பதிகாரமும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று அவர் மேலும் கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. 'என் சரித்திரம்' என்னும் தம் வரலாற்று நூலில் இந்நிகழ்ச்சி இடம்பெறும் பகுதிக்கு ஐயரவர்கள் இட்டுள்ள தலைப்பே 'என்ன பிரயோசனம்?' என்பதாகும்.

இந்நிகழ்ச்சியை நம் வகுப்புகளில் பலரும் எடுத்துரைப்பர். ஏடு தேடிய பெருமையும், 1887இல் சிந்தாமணி அச்சேறிய சிறப்பும் அங்கு விரிவாகப் பேசப்படும். நாம் கருதிப் பார்க்க விழைவது வேறொன்று. முதலியார் ஐயருக்குப் பட்டியல் எதுவும் தரவில்லை. தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியையே கொடுத்தார். அதனுடன் நில்லாமல் அவருடன் அமர்ந்து படிக்கவும் முற்பட்டார். பொருள் விளங்காத இடங்கள் மலிந்தன. அவ்வேளையில், அவ்வூர்ச் சமணர் இல்லங்களில் அந்நூல் வழிவழியாகப் படித்துப் பொருள் சொல்லப்பட்டு வருவதை ஐயர் அறிந்து அங்குச் சென்றார். புலவருலகம் மறந்திருந்த காப்பியம் சில வீடுகளின் செவிகளில் உயிரோடு இருந்தது என்பது எண்ணுந்தோறும் வியப்பளிக்கிறது. ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கும் வழக்கமே அதனைக் காத்தது.

திருக்குறளில் கல்வி என்னும் நாற்பதாம் அதிகாரத்தையும் கல்லாமை என்னும் அதனை அடுத்த அதிகாரத்தையும் தொடர்ந்து கேள்வி அதிகாரம் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. கல்லாதவனும் கேட்கட்டும் என்பது அங்கு வள்ளுவர் காட்டும் வழி. நம் முன்னோர் இல்லங்களிலும் இதுவே நடந்தது. சீறாப்புராணத்தின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களைத் தனியே அமர்ந்து கண்ணால் படித்தவர்களைவிட, ஒருவர் இசையுடன் படிக்கவும் மற்றொருவர் உரை சொல்லவும் கேட்டவர்களே மிகுதி. எழுதப் படிக்க அறியாத நம் பாட்டி 'நூறு மசலா'வின் வினாக்களையும் விடைகளையும் கேள்வி வாயிலாகவே அறிந்து வைத்திருந்தார். அரசகுமாரி மெகர்பானு வினவ அப்பாஸ் விடையிறுக்கும் அக்கதையைப் பாட்டி சொல்லும்போது, விடையைச் சொல்லாமல் சற்று நிறுத்தி நம் முகத்தைப் பார்ப்பார். பேராசிரியர் பலரிடம் நாம் காணாத பயிற்றுமுறை அது!

நம் வீட்டில் அவ்வழக்கம் வேறு வடிவில் தொடர்ந்தது. தொண்ணூறுகளில் அத்தா பனியன் கம்பெனியில் அயர்ன் மேசையில் வேலை பார்த்தார். மாலையில் மிதிவண்டிக் கேரியரில் ஒரு பண்டல் கட்டிக்கொண்டு வருவார். பிசிறு வெட்டும் வேலை. அம்மாவும் அக்காமார் இருவரும் சிறு கத்தரிக்கோலுடன் விளக்கடியில் அமர்வர். கூலி டஜன் கணக்கு. கை ஓயக் கூடாது. அம்மா ஐந்தாம் வகுப்பு வரை பயின்றவர், படிப்பதில் விருப்பமுடையவர், ஆயினும் ஒரு புத்தகத்தை விரித்துப் பிடிக்க அவருக்குக் கை எங்கே இருந்தது? ஆகவே கிளை நூலகத்திலிருந்து எடுத்து வந்ததை நாம் உரக்கப் படிப்போம். பாடநூல் படிக்கும் பையனிடம் பிசிறு வேலை கொடுக்கமாட்டார்கள் என்னும் தன்னலமும் அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அவ்வாறு படித்தவற்றுள் ஒன்று ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. நம் மாவட்டத்து மண்ணில், தாராபுரம் பக்கத்துக் கீரனூரில் பிறந்தவர் சண்முகசுந்தரம். 1942இல் வெளிவந்த இச்சிறு நாவல் தமிழ் வட்டார நாவல்களின் முன்னோடியாகப் போற்றப்படுகிறது. கணவனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் தன் பங்கைப் பிரித்துக் கேட்பதும், அதனால் விளைவனவும் கதை. நான்கு இரவுகளில் படித்து முடித்தோம். மூன்றாம் இரவில் அம்மா கத்தரிக்கோலை நிறுத்தாமலே, "அவ கேக்கறது அவ பங்கைத்தானே? அதுக்கு எதுக்கு ஊரே அவளைப் பேசுது?" என்றார்.

பின்னாளில் முதுகலை வகுப்பில் இந்நாவலைப் பயின்றபோது, பேராசை கொண்ட பெண் என்று நாகம்மாளின் பண்புநலனைத் தேர்வுக் குறிப்பு ஒன்று வரையறுத்திருந்தது. நாமும் அதனை அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றோம். அம்மாவின் வினா விடைத்தாளில் இடம்பெறவில்லை. தாய்வீட்டுச் சொத்தில் அம்மாவுக்கு மார்க்கச் சட்டப்படி உரிய பங்கு இருந்தது என்பதும், உடன்பிறந்தோர் மனம் கோணும் என்று அவர் அதனை வாய்திறந்து கேட்டதேயில்லை என்பதும், அவர் மறைவுக்குப் பிறகே நமக்குத் தெரியவந்தன. இப்போது இந்நாவலை வகுப்பில் தொடங்கும்போது முன்னுரையாக அவர் வினாவையே வைக்கிறோம். மாணவியர் பலர் அன்று தலை நிமிர்ந்து பேசுகின்றனர்.

வேலை செய்யும் கைகளுக்கு வாசிப்பு செவிவழியே வந்துசேர்ந்த வரலாறு உலகெங்கும் உண்டு. கியூபா நாட்டுச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் வாசிப்பாளர் என்றே ஒருவர் அமர்த்தப்பட்டார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து பணம் திரட்டி அவருக்கு ஊதியம் அளித்தனர். காலையில் செய்தித்தாள், பின்னர் நாவல் எனப் படிப்பது வழக்கம். அலெக்சாந்தர் துமாவின் மாண்டி கிறிஸ்டோ நாவலின் பெயரை ஒரு சுருட்டு இன்றும் தாங்கி நிற்கிறது. அண்டை மாநிலமான கேரளத்தில், 1969இல் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவின் கூடங்களிலும் இவ்வழக்கம் சிறந்து விளங்கியது. ஒருவர் படிக்க, அவர் சுற்ற வேண்டிய பீடிகளை மற்றவர்கள் பகிர்ந்து சுற்றித் தருவர். நம் ஊரில் இஃது இயலாதென்பது வெளிப்படை. ஓவர்லாக்கும் பேட்லாக்கும் எழுப்பும் இரைச்சலில் வாசிப்பவர் குரல் எடுபடாது. ஒலிபெருக்கியில் திரைப்பாடல் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. ஆகவே இங்கு வாசிப்புக்குரிய இடம் வீடுதான். கூடவே பேருந்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி, ஏனைய நூல்கள். தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' (1953) நூல் தட்டுப்பாட்டால் வாடிய கைத்தறி நெசவாளர் வாழ்வைக் கூறுவது. செக் மொழிக்கும் சென்றது. பிற்பகுதியில் கொள்கைக் குரல் சற்று ஓங்கி ஒலிக்கிறது என்பது நம் கருத்து. ஆயினும் நூல் விலை ஏறும்போதெல்லாம் மூச்சடைக்கும் ஓர் ஊரில் வாழும் மாணவர் இதனைப் படியாதிருத்தல் தகாது.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998இல் வெளிவந்தது. நொய்யலில் கலந்த சாயக்கழிவையும் அதனால் சிதைந்த வாழ்வையும் பேசுவது. வெளிவந்தபோது நாம் இதனைப் படிக்கவில்லை. உயர்நீதிமன்ற ஆணையால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதுதான் கையில் எடுத்தோம். நம் தெருவில் பட்டறை வேலை இழந்தோர் பலர். அடுப்பெரியாத வீடுகளை நேரில் கண்டோம். மறுபுறம், 1992இல் பாசனத்திற்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிக் கீழ்ப்பகுதி உழவரைத் துயரில் ஆழ்த்தியிருந்தது. இவ்விரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்க நமக்கு அப்போது அந்நாவல் உதவியது. நீதிமன்றத்தைத் திட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டாருக்கு அதனைக் கொடுத்தோம். இருபது பக்கம் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "உண்மைதான், ஆனா இப்பப் படிக்க முடியலைங்க" என்றார். அதுவும் ஒரு வாசிப்பே என்று ஏற்றுக்கொண்டோம்.

தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) முதலில் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்தது. ஊரில் ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கும் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளியின் வீழ்ச்சியை அது காட்டும். மீரான் பள்ளியில் மலையாளம் பயின்றவர். மிளகாய் வற்றல் வணிகம் செய்தவர். 'சாய்வு நாற்காலி'க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். கடைக்கணக்குக்கு இடையில் இத்துணை எழுதியவரை எண்ணும்போது, நேரமில்லை என்று நாம் சொல்வது நமக்கே நாணமாக இருக்கிறது. அவருடைய வட்டார நடை முதலில் தடுமாறச் செய்யும். வாய்விட்டுப் படித்தால் பத்துப் பக்கங்களில் பிடிபட்டுவிடும்.

மாணவியர்க்கு மற்றொன்று. நாகூர் சித்தி ஜுனைதா பேகத்தின் 'காதலா? கடமையா?' (1938). மூன்றாம் வகுப்பளவே பள்ளி சென்ற ஓர் இளம்பெண் எழுதிய இந்நாவலுக்கு உ.வே.சா. முகவுரை வழங்கினார். கதையமைப்பு பழைய பாணியினது. இன்றைய வாசகர்க்கு அது விறுவிறுப்பூட்டும் என்று நாம் உறுதி கூறமாட்டோம். எழுதப்பட்ட சூழலை எண்ணிப் படிக்க வேண்டிய நூல். கம்பனில் தோய விரும்புவோர் நீதிபதி மு.மு. இஸ்மாயீலின் 'மூன்று வினாக்கள்' நூலில் தொடங்கலாம். வாலி வதைப் படலத்தைச் சட்ட அறிவும் இலக்கிய அறிவும் கூடி ஆராயும் பாங்கு அதில் விளங்கும். 'என் சரித்திர'த்தை முதற்பக்கத்திலிருந்து தொடங்கி நின்றுவிட்டவர் பலர். கும்பகோணப் பகுதியை முதலில் படித்துவிட்டுப் பின்னர் முன்னோக்கிச் செல்லுமாறு சொல்லி வருகிறோம். இந்நூலும் பழைய பதிப்புகள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. கைப்பேசியில் படிப்பது படிப்பாகாது என்று கூறும் கட்சியில் நாம் இல்லை.

நம் வாசிப்பு முறை எளியது. வைகறைத் தொழுகை முடித்து வீடு விழிக்கும் வரை பத்துப் பக்கம், அவ்வளவே. ஆய்வியல் நிறைஞர் பட்ட ஆய்வு செய்த காலத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டினோம்; அவை மேற்கோள் வேட்டை. ஒரு நூலைக்கூட அக்காலத்தில் நிறைவாகப் படித்த நினைவில்லை. இப்போது பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் ஒரு வினா மட்டும் எழுதி வைக்கிறோம். நூலைப் பெற்றுச் செல்லும் மாணவர் அதற்கு விடை எழுதவேண்டும் என்பதில்லை. தம் வினா ஒன்றை அதன்கீழ் எழுதித் தந்தால் போதும்.

பட்டியல் குறித்து வினவிய அம்மாணவருக்கு நாம் கொடுத்தது 'நாகம்மாள்'. மூன்று மாதம் கழித்தே திருப்பிக் கொணர்ந்தார். தாமதத்திற்குக் காரணம் கேட்டோம். "நான் ஒரு வாரத்துல முடிச்சுட்டேன்ங்க. அம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் லீவுங்க, ஞாயித்துக்கிழமையாப் படிச்சுக் காட்டினேன்" என்றார். பின்னட்டையில் நம் பென்சில் வினாவுக்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒன்றும், அதற்கும் கீழே, பழக்கமற்ற கையால் எழுத்தெழுத்தாக எழுதப்பட்ட மற்றொன்றும் இருந்தன. அப்பிரதி துறை நூலகத்தில் இரண்டாம் அடுக்கில் உள்ளது.