ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு சாயங்காலம்

கேள்வி: ஹைம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சிக்காக ஜனவரியில் முதல்முறையாக ஃபிராங்க்ஃபர்ட் போகிறேன். வேலைக்கு நடுவே ஊரைப் பார்க்க முடியுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: தாராளமாக! பார்க்காமல் திரும்பிவிடாதீர்கள். இறங்கிய அன்று பகலில் மட்டும் படுத்துவிட வேண்டாம். நம்மைவிட அங்கே நாலரை மணி நேரம் பின்னால். வெளிச்சத்தில் நடந்தால்தான் உடம்பு பழகும். ஐந்து மணிக்கே பொழுது சாய்ந்துவிடும், குளிரும் கடுமை. விமான நிலையத்திலிருந்து எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரத்தில் ஊருக்குள் போய்விடலாம். ரோமர்பெர்க் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். மைன் ஆற்றின் மேல் 1869இல் திறந்து, 1945இல் போரில் தகர்ந்து, மறு ஆண்டே எழுப்பிய இரும்பு நடைபாலம். கம்பியெங்கும் காதலர்கள் மாட்டிய பூட்டுகள். நின்று திரும்பினால் வானளாவிய கட்டடங்கள் மொத்தமும் தெரியும். ஞாயிறன்று கடைகள் அடைப்பு; வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.