பழைய லென்ஸ், புதிய காமிரா



ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிலிம் காமிராவுக்காகச் செய்த லென்ஸ், இன்றைய டிஜிட்டல் காமிராவில் வேலை செய்யுமா? செய்யும். பிலிம் போய்விட்டது; ஒளி விலகல் விதிகள் மாறவில்லை. இத்தகைய லென்ஸ்கள் பல, புதியவற்றைவிட மிக மலிவாகக் கிடைக்கின்றன. ஆயினும் எந்த லென்ஸும் எந்தக் காமிராவுக்கும் பொருந்திவிடாது. ஒரு மில்லிமீட்டர் வேறுபாடே படத்தைக் கெடுத்துவிடும். ஏன் என்று காண்போம்.

முதலில் ஒரு சோதனை

ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே தொலைவிலுள்ள மரத்தின் பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். தலைகீழான சிறு பிம்பம் தெரியும். அப்போது லென்ஸுக்கும் தாளுக்கும் இடையே உள்ள தூரமே ஏறக்குறைய அதன் குவியத் தூரம். தாளைச் சற்றுப் பின்னே நகர்த்துங்கள். மரம் மங்கும், ஜன்னல் கம்பி தெளிவடையும். அதாவது, அருகிலுள்ள பொருளின் பிம்பம் தள்ளி விழுகிறது. காமிரா லென்ஸின் வளையத்தைத் திருகும்போது நிகழ்வதும் இதுவே.

பொருத்து தூரம்

லென்ஸ் அமரும் விளிம்பிலிருந்து பிலிம் வரையுள்ள இடைவெளியைப் பொருத்து தூரம் என்போம். பிராக்டிகா, பென்டாக்ஸ், ஜெனிட் காமிராக்களில் ஒரு காலத்தில் வழங்கிய 42 மி.மீ. திருகு லென்ஸ்களுக்கு இது 45.46 மி.மீ. நிக்கான் எஃப் வகைக் காமிராக்களில் 46.5 மி.மீ.

திருகு லென்ஸை நிக்கான் எஃப் காமிராவில் பொருத்தினால், அது குறைந்தது 1.04 மி.மீ. முன்தள்ளி நிற்கும். லென்ஸின் குவியத் தூரம் 50 மி.மீ. என்க. காமிரா லென்ஸ் பல வில்லைகளின் தொகுப்பு. எளிமைக்காக ஒரே மெல்லிய லென்ஸாகக் கொள்வோம். வளையத்தை ஈறிலாத் தொலைவில் வைத்தாலும் பிம்பத் தூரம் 51.04 மி.மீ. ஆகிவிடுகிறது.

1/பொருள் தூரம் = 1/50 – 1/51.04

பொருள் தூரம் = (50 × 51.04) ÷ 1.04 = 2454 மி.மீ.

ஆகவே சுமார் இரண்டரை மீட்டருக்கு அப்பாலுள்ள எதுவும் தெளிவாக விழாது. எதிரில் நிற்கும் நண்பர் தெரிவார். கோயில் கோபுரம் மங்கிவிடும்.

கண்ணாடி போனதால் வந்த வசதி

பழைய காமிராக்களில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்ந்த ஆடி ஒன்று இருந்தது. அது மேலெழுந்து திரும்ப இடம் வேண்டியிருந்ததால் பொருத்து தூரம் மிகுதி. 2008 முதல் ஆடியில்லாக் காமிராக்கள் விற்பனைக்கு வந்தன. சோனி இ வகையில் பொருத்து தூரம் 18 மி.மீ. மட்டுமே. எனவே 45.46 – 18 = 27.46 மி.மீ. நீளமுள்ள இணைப்பு வளையம் ஒன்றை இடையில் வைத்தால் போதும். அதில் கண்ணாடி வில்லை எதுவும் வேண்டாம். உள்ளீடற்ற உலோகக் குழாய்தான்!

கையால் செய்ய வேண்டியவை

குவிப்பதையும் துளையை அமைப்பதையும் நீங்களே செய்ய வேண்டும். சோவியத் நாட்டில் செய்த ஹீலியோஸ்-44 லென்ஸின் குவியத் தூரம் 58 மி.மீ. அதில் துளை எண் 2 என்றால் துளையின் விட்டம் 58 ÷ 2 = 29 மி.மீ. எண்ணை 4 ஆக்கினால் விட்டம் பாதி. பரப்பு கால் பங்கு. ஆகவே ஒளிபடும் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். துளை சிறுத்தால் முன்னும் பின்னும் உள்ள பொருள்களும் தெளிவடையும் என்பதையும் கண்கூடாகக் காணலாம்.

வாங்குமுன் லென்ஸின் ஒரு பக்கம் டார்ச் ஒளி பாய்ச்சி, மறுபக்கம் சற்றுச் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், தவிர்த்துவிடுங்கள். எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கவே கூடாது.

நீங்களே கணக்கிடுங்கள்

1. நிக்கான் இசட் வகையில் பொருத்து தூரம் 16 மி.மீ. திருகு லென்ஸுக்கு வேண்டிய வளைய நீளம் என்ன?
2. மேற்கண்ட 1.04 மி.மீ. பிழை 58 மி.மீ. லென்ஸில் நேர்ந்தால், தெளிவாகத் தெரியும் மிகத் தொலைவான பொருள் எங்கே இருக்கும்?

விடைகள்: 1. 29.46 மி.மீ. 2. சுமார் 3.3 மீட்டர்.