பொலன்னறுவைக் காட்டில் அரை நூற்றாண்டு

சென்ற தவணையிலே ஒன்பதாம் வகுப்பு மாணாக்கரைக் ‘குரங்கு’ என்னும் பொருள் பற்றிக் கட்டுரை வரையுமாறு பணித்தேன். ஒரு மாணாக்கன் இரண்டே வாக்கியங்களில் முடித்திருந்தான். லயத்திற்குப் பின்னுள்ள கிழங்குப் பாத்தியைக் குரங்குகள் கிண்டி அழித்துவிட்டன. அவற்றையெல்லாம் கொன்றுவிட வேண்டும் என்பதே அதன் சாரம். எழுத்திலே பிழையில்லை, துயரமும் பொய்யன்று. ஆயினும் ‘எல்லாம்’ என்ற சொல்லிலே என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது.

நம் முன்னோர் குரங்கை அவ்வாறு ஒரே சொல்லால் அடக்கினாரல்லர். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என இனம் பிரிக்கும். ஆணுக்கும் பெண்ணுக்கும் குட்டிக்கும் வெவ்வேறு மரபுப் பெயர் வகுக்கும். பகுத்து நோக்குதலே அறிவின் முதற்படி. அப்படியிலே தொடங்கி, ஒவ்வொரு குரங்கையும் தனித்தனியே அறியும் அளவிற்கு உயர்ந்த ஓர் அறிஞரின் உழைப்பை ஈண்டு எடுத்துரைப்போம்.

வுல்ப்காங் டிட்டஸ் என்பார் 1968 ஆம் ஆண்டில் பொலன்னறுவையில் தம் ஆய்வைத் தொடங்கினார். ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருக்குத் துணை நின்றது. பழைய தலைநகரின் இடிபாடுகளைச் சூழ்ந்த காட்டிலே வாழும் செங்குரங்குகளே அவர்தம் ஆய்வுப் பொருள். சிங்களத்தில் ரிலவா எனப்படும் இவ்வினம் இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. முக அடையாளங்களையும் தலைமயிரின் அமைப்பையும் கொண்டு, ஆசிரியன் தன் மாணாக்கரை அறிவதுபோல, அவர் ஒவ்வொன்றையும் இனங்கண்டார். பிறப்பு, இறப்பு, தாய், மகள், உண்ட உணவு, பட்ட அடி யாவும் ஏட்டிலே ஏறின. 1974 இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் இது பற்றி ஆய்வேடு அளித்தார். பட்டம் பெற்றபின்னும் அவர் காட்டை விட்டு நீங்கினாரில்லை. அரை நூற்றாண்டு கடந்தும் அப்பணி தொடர்ந்தது.

அவர் கண்டதென்ன? கூட்டத்திலே ஒவ்வொன்றிற்கும் ஒரு படிநிலை உண்டு. மகள் தாயின் நிலையைத் தழுவியே நிலைபெறுவாள். உயர்ந்தது கனிமிகுந்த கிளையில் அமரும், தாழ்ந்தது விலக்கப்படும். தாழ்ந்தது கன்னப்பையில் அடக்கி வைத்த உணவைக்கூட உயர்ந்தது வாயைத் திறந்து பறித்துக்கொள்வதுண்டு. மந்திகள் பிறந்த கூட்டத்திலேயே வாழ, இளங்கடுவன்களோ பருவமெய்தியதும் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்து பல இடர்களுக்கு ஆளாகின்றன. ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 90 உம் பெண்களில் 85 உம் முழு வளர்ச்சியடையுமுன் மடிந்தன என்று அவர் கணக்கிட்டார். உணவு சுருங்குங்கால் அப்பசி அனைவர்க்கும் ஒப்பப் பங்கிடப்படுவதில்லை. இளையனவும் எளியனவுமே முதலில் வீழ்கின்றன. காட்டின் வளத்திற்கேற்பக் குரங்குத் தொகை இவ்வாறே அளவுபட்டு நின்றது.

ஆயினும் பறித்தல் மட்டுமே அவற்றின் வாழ்வன்று. மிகுந்த கனி கண்ட குரங்கு ஒரு தனிக்குரல் எழுப்ப, ஏனையவை விரைந்து கூடுவதையும் அவர் 1984 இல் விளக்கி எழுதினார்.

இனி, நம் மாணாக்கனின் கிழங்குப் பாத்திக்கு வருவோம். திறந்த குப்பைமேடும் மனிதர் இடும் உணவும் காட்டின் அளவைக் குலைக்கின்றன. மடிய வேண்டிய குட்டி பிழைக்கிறது. கூட்டம் பெருகித் தோட்டம் நாடுகிறது. பிடித்து வேறிடத்தில் விடுவதோ, துன்பத்தை அயலூருக்கு அனுப்புவதேயாம். 2023 இல் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனத்திற்கு அனுப்பும் பேச்செழுந்தபோது நாடெங்கும் எதிர்ப்பும் எழுந்தது. இவ்வினமோ அழியும் நிலையிலுள்ளது என உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தால் பட்டியலிடப்பட்டது. உழவனின் இழப்பும் மெய், இதுவும் மெய். குப்பையை மூடுதலும் உணவிடாமையும் நம் கைக்கு எட்டிய முதற் செயல்களாம்.

கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கையில் அம்மாணாக்கனிடம், “தம்பி, பாத்திக்கு வருபவை எத்தனை? எங்கிருந்து வருகின்றன? எந்நேரம் வருகின்றன? ஒரு மாதம் எழுதி வா,” என்றேன். முதல் வாரத்தில் பதினொன்று என எழுதி வந்தான். இரண்டாம் வாரத்தில், அவற்றுள் ஒன்று காது கிழிந்த மந்தி எனவும், குட்டியோடு குப்பைக்குழிப் பக்கமிருந்தே வருகிறதெனவும் எழுதியிருந்தான். ‘எல்லாம்’ என்னும் சொல் அவன் ஏட்டிலே பின்னர் வரவில்லை.

கந்தப்பளையின் பனியிலும் குளிரிலும் கற்று உயர்ந்த பழைய மாணவர்காள்! இம்மலையிலும் செங்குரங்கு உண்டு. ஹக்கலைக் காடும் நமக்கு அணித்தே உள்ளது. ஓர் ஏடும் பொறுமையும் கொண்டு அங்கே செல்லும் இளைஞர் நம் கல்லூரியிலிருந்து தோன்ற நீவிர் துணை நிற்பீராக.